ஆர்மியைத் தோற்கடித்த பள்ளிக்கூடம்: கார்லைல், 1912

இன்னைக்கு ஒரு ஃபுட்பால் சீசனைப் பத்திப் பேசப் போறோம். ஃபுட்பால்னு சொன்னதும் மெஸ்ஸி, ரொனால்டோ ஞாபகத்துக்கு வந்திருந்தா, இது அந்த ஆட்டம் இல்லை. அமெரிக்கன் ஃபுட்பால். கூர்முனை வச்ச பந்து, கையில் தூக்கிக்கிட்டு ஓடுறது, எதிராளியை இடிச்சுத் தள்ளுறது. ரூல்ஸ் தெரியாதேன்னு கவலைப்பட வேண்டாம். தேவைப்படுற அளவுக்குப் போற வழியில் பார்த்துக்கலாம்.

தேதி, 1912 நவம்பர் 9. இடம், நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிற வெஸ்ட் பாயின்ட். அமெரிக்க ராணுவத்தின் அதிகாரிகளை உருவாக்குகிற அகாடமி. மைதானத்தின் ஒரு பக்கம் நாளைய கர்னல்கள், ஜெனரல்கள். அவர்களில் ஒருவர் 22 வயது டிவைட் ஐசன்ஹோவர். ஆமா, பின்னாடி அமெரிக்க ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். இன்னொரு பக்கம் கார்லைல் இந்தியன் இண்டஸ்ட்ரியல் ஸ்கூல். இங்கே 'இந்தியன்' என்பது நம்மைக் குறிக்கிற சொல் இல்லை. நம்ம பழைய பாடப் புத்தகங்களில் 'செவ்விந்தியர்' என்று படித்தோமே, அந்த பூர்வகுடி அமெரிக்கர்கள்.

இந்த ரெண்டு தரப்பும் ஒரே மைதானத்தில் நிற்பதே சாதாரண விஷயம் இல்லை. தெற்கு டகோட்டாவில் வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்க ராணுவம் லகோட்டா மக்களை, பெண்களும் குழந்தைகளும் உட்பட, நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொன்றது 1890 டிசம்பரில். அதற்கும் இந்த மேட்சுக்கும் நடுவில் வெறும் 22 வருஷம். ஆடப் போகிற பையன்கள் பிறந்ததே அந்தச் சம்பவத்தை ஒட்டிய வருஷங்களில்தான்.

மேட்சுக்குப் போகிறதுக்கு முன்னாடி, கார்லைல் என்ன மாதிரி இடம் என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். ஏன்னா அது தெரியாம இந்த சீசனோட ஸ்கோரை மட்டும் படிச்சா, நல்ல ஸ்போர்ட்ஸ் படம் ஒண்ணு பார்த்த மாதிரி கைதட்டிட்டுப் போயிடுவோம்.

ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி 1879இல் ஆரம்பித்தது இந்தப் பள்ளி. பென்சில்வேனியாவில் கார்லைல் என்ற ஊரில் காலியாகக் கிடந்த ஒரு ராணுவ முகாம்தான் கட்டடம். பிராட்டின் கொள்கை இதுதான்: ஒவ்வொரு குழந்தைக்குள்ளும் இருக்கிற 'இந்தியனை' கொன்றுவிட்டு, மனிதனை மட்டும் காப்பாற்ற வேண்டும். இது நான் மிகைப்படுத்திச் சொல்றது இல்லை, 1892இல் ஒரு மாநாட்டு மேடையில் அவரே ஏறக்குறைய இதே வார்த்தைகளில் பேசினார். அவர் காலத்துக் கணக்கில் அவர் முற்போக்குவாதி, அதையும் சொல்லணும். மத்தவங்க ஆளையே கொல்லலாம்னு சொல்லிக்கிட்டிருந்த காலம் அது.

ரயிலில் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்து குழந்தைகளைக் கொண்டுவருவார்கள். வந்ததும் முடியை வெட்டுவார்கள். பல பழங்குடிகளில் துக்கத்துக்கு மட்டுமே முடி வெட்டுவது வழக்கம், அதனால் குழந்தைகளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைச்சுப் பாருங்க. புதுப் பெயர், யூனிஃபார்ம், தாய்மொழியில் பேசத் தடை. பாதி நாள் படிப்பு, பாதி நாள் தச்சு வேலை, கொல்லு வேலை, தையல், சலவை. கோடையில் ஊருக்கு அனுப்ப மாட்டார்கள். 'அவுட்டிங்' என்ற பெயரில் வெள்ளைக்காரர் பண்ணைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்கு அனுப்புவார்கள். 1918இல் மூடும் வரை 140க்கும் மேற்பட்ட பழங்குடிகளிலிருந்து 7,000க்கும் அதிகமான பிள்ளைகள் இங்கே வந்து போனார்கள். எல்லாரும் திரும்பிப் போகவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆக, இது காலேஜே இல்லை. படிப்பு நம்ம ஊர்க் கணக்கில் ஹைஸ்கூலைத் தாண்டாது. ஆனால் ஃபுட்பாலில் இவர்கள் மோதியது ஹார்வர்டு, பென்சில்வேனியா, பிரின்ஸ்டன் மாதிரி பெரிய பல்கலைக்கழகங்களோடு. எப்படி?

ஆரம்பத்தில் பிராட்டுக்கு இந்த ஆட்டம் பிடிக்கவில்லை. ஒரு பையனுக்குக் கால் முறிந்ததும், வெளி அணிகளோடு ஆடக் கூடாது என்று நிறுத்திவிட்டார். அப்புறம் பையன்கள் கூட்டமாக அவர் ஆபீஸுக்கு வந்து, ஆட விடுங்கள் என்று வாதாடினார்கள். அவர் ரெண்டு கண்டிஷன் போட்டார். எதிராளி குத்தினாலும் நீங்கள் திருப்பிக் குத்தக் கூடாது. சில வருஷத்துக்குள் நாட்டிலேயே பெரிய அணியைத் தோற்கடிக்க வேண்டும். ரெண்டாவது கண்டிஷனில் பிராட்டின் கணக்கு தெளிவாகத் தெரியும்: என் பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது என்று நாடு பார்க்கட்டும்.

1899இல் கோச்சாக வந்தார் கிளென் வார்னர். எல்லாரும் கூப்பிடுவது 'பாப்' வார்னர். நடுவில் மூணு வருஷம் வேறு இடத்துக்குப் போய்விட்டு 1907இல் திரும்பி வந்தார். தில்லுமுல்லுக்கும் புத்திசாலித்தனத்துக்கும் நடுவில் கோடே இல்லாத மனுஷன். 1903இல் ஹார்வர்டுக்கு எதிரான மேட்சில் ஒரு வேலை செய்தார் பாருங்க. சார்லி டில்லன் என்ற வீரரின் ஜெர்சியில், இடுப்புக்கிட்ட எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொன்னார். பந்து வந்ததும் எல்லாரும் வட்டமாகக் கூடி, பந்தை டில்லன் முதுகுப் பக்கம் ஜெர்சிக்குள் சொருகிவிட்டு, ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். ஹார்வர்டு பசங்க பந்து எங்கேன்னு தேடிக்கிட்டிருக்க, டில்லன் ரெண்டு கையும் காலியாக வீசிக்கொண்டு கோல் கோட்டைத் தாண்டிவிட்டார். மேட்சை என்னவோ ஹார்வர்டு 12-11 என்று ஜெயித்தது. ஆனால் இன்றைக்கும் யாரும் ஞாபகம் வைத்திருப்பது அந்த முதுகைத்தான்.

அப்போது ஃபுட்பால் என்பது நேரடியான இடி. கூட்டமாகக் கைகோத்து மோதுவது, கீழே விழுந்தவன் மேல் ஏறிப் போவது. 1905 சீசனில் மட்டும் ஆட்டத்தில் பட்ட காயத்தால் 18 பேராவது செத்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே பெரிய கல்லூரிகளை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த வருஷம் ரூல் மாறியது: பந்தை முன்னால் எறியலாம், ஃபார்வர்டு பாஸ். பெரிய காலேஜ்கள் இதைச் சந்தேகமாகப் பார்த்தன, எடை அதிகமான ஆட்களை வைத்து இடிப்பதே அவர்களுக்கு வசதி. கார்லைல் பையன்கள் எடை குறைவு, வேகம் அதிகம். அவர்களுக்காகவே போட்ட ரூல் மாதிரி இருந்தது. 1907இல் பென்சில்வேனியாவை 26-6 என்று அடித்தபோது, நாற்பது யார்டுக்குப் பந்து சுழன்று பறந்ததைப் பார்த்து கேலரியே வாயைப் பிளந்தது.

இனி 1912. அந்த வருஷம் ரூல்ஸ் மறுபடி மாறியது. டச்டவுனுக்கு 5 புள்ளி என்பது 6 ஆனது. பத்து யார்டு முன்னேற மூணு வாய்ப்பு என்பது நாலு ஆனது. பாஸ் இருபது யார்டுக்கு மேல் போகக் கூடாது என்ற தடையும் போனது. எல்லாமே வேகமான அணிக்குச் சாதகம்.

அணியில் ஜிம் தோர்ப் இருந்தார். சாக் அண்ட் ஃபாக்ஸ் பழங்குடி, ஒக்லஹோமா பக்கம். அந்த ஜூலையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில் பென்டத்லான், டெகத்லான் ரெண்டிலும் தங்கம் ஜெயித்து வந்திருந்தார். அதே ஒலிம்பிக்ஸில் 10,000 மீட்டரில் வெள்ளி வாங்கிய லூயிஸ் தெவானிமாவும் கார்லைல் மாணவர்தான், ஹோப்பி பழங்குடி. அவர் கார்லைலுக்கு வந்த விதத்தைக் கேளுங்க: அரசாங்கப் பள்ளிக்கூடத்தை எதிர்த்த ஹோப்பிகளில் ஒருவராக, 1907இல் கைதியாகக் கொண்டுவரப்பட்டார். அஞ்சு வருஷம் கழித்து அமெரிக்கக் கொடிக்காக மெடல். ரெண்டு பேரும் திரும்பி வந்தபோது ஊரே ஊர்வலம் வைத்தது. பூர்வகுடிகள் எல்லாரும் அமெரிக்கக் குடிமக்கள் என்று சட்டம் வந்தது அதற்கும் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1924இல்.

மத்தவங்க பெயரையும் சொல்லிடறேன். குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச், ஒஜிப்வே, விஸ்கான்சின். டேக்கிள் ஜோ கையன், அவரும் ஒஜிப்வே, மின்னசோட்டா. ஹாஃப்பேக் அலெக்ஸ் ஆர்காசா, கோல்வில் பழங்குடி, வாஷிங்டன் மாநிலம். ஃபுல்பேக் ஸ்டான்சில் பவல், செரோக்கி. இவர்களுக்கெல்லாம் பொதுவாக இருந்தது இங்கிலீஷும் ஃபுட்பாலும்தான். ஒருத்தர் தாய்மொழி இன்னொருத்தருக்குப் புரியாது.

செப்டம்பரில் தொடங்கி வரிசையாக அடி. ஆல்பிரைட் 50-7, வில்லநோவா 65-0, பிட்ஸ்பர்க் 45-8. வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன் காலேஜோடு மட்டும் 0-0 டிரா. பெரிய மேட்சுகள் கிட்டத்தட்ட எல்லாமே வெளியூரில், ஏன்னா டிக்கெட் காசு அங்கேதான். ஒரு வாரம் சிராக்யூஸ், ஒரு வாரம் வாஷிங்டன் நகரம், ஒரு வாரம் டொராண்டோ என்று ரயிலிலேயே வாழ்க்கை. ஹோம் கிரவுண்டே இல்லாத அணி மாதிரி.

இப்போ வெஸ்ட் பாயின்ட். மேட்சுக்கு முன்னாடி வார்னர் பேசியதாக ஒரு பேச்சு உண்டு. உங்க அப்பா, தாத்தாக்களோட சண்டை போட்டது இவங்க அப்பா, தாத்தாக்கள்தான், மறந்துடாதீங்க என்கிற மாதிரி. பின்னாளில் பல விதமாகச் சொல்லப்பட்டது. பேசியிருக்கலாம், ஆனால் அந்த ஞாபகத்தை அந்தப் பையன்களுக்கு யாரும் புதுசாக ஊட்ட வேண்டிய அவசியம் இல்லை என்பது என் எண்ணம்.

வார்னர் கொடுத்த நிஜமான ஆயுதம் வேறு. டபுள் விங் என்ற புது அமைப்பு. பந்தை வாங்கி ஓடுகிறவர்கள் வழக்கமாகப் பின்னால் கொத்தாக நிற்பார்கள். அவர்களில் ரெண்டு பேரை முன்வரிசையின் ரெண்டு ஓரத்துக்கும் நகர்த்தினார். இப்போது பந்து யாரிடம் போகும், எந்தப் பக்கம் போகும் என்று எதிரணிக்குப் பிடிபடாது. தோர்ப்பிடம் கொடுப்பது போலக் காட்டி ஆர்காசாவிடம், ஆர்காசாவிடம் கொடுப்பது போலக் காட்டி தோர்ப்பிடம்.

அதைவிட முக்கியமான ஒரு ரூல் சொல்றேன். அந்தக் காலத்தில் ஆட்டம் நடக்கும்போது கோச் ஓரத்திலிருந்து சொல்லிக்கொடுக்கக் கூடாது. அடுத்து என்ன பிளே என்று முடிவெடுப்பது களத்தில் நிற்கிற குவார்ட்டர்பேக். அதாவது, 21 வயசுகூட ஆகாத கஸ் வெல்ச். எப்போ எழுந்திருக்கணும், எந்த மொழியில் பேசணும், என்ன பேர் வச்சுக்கணும் என்று எல்லாமே மணியடித்துச் சொல்லப்பட்ட வாழ்க்கையில், கட்டளையே வராத ஒரு மணி நேரம் அது. இந்த சீசனை நான் பார்க்கிற விதம் இதுதான். அந்தப் பையன்கள் பள்ளிக்காக ஆடினார்களா, பள்ளியிடமிருந்து தப்பிக்க ஆடினார்களா என்றால், ரெண்டும் ஒரே நேரத்தில் நடந்திருக்கு.

முதலில் டச்டவுன் அடித்தது ஆர்மி. கூடுதல் புள்ளிக்கான உதையைத் தவறவிட்டார்கள், 6-0. பிறகு ஜோ பெர்கி கோட்டைத் தாண்ட, தோர்ப் உதைக்க, 7-6. இடைவேளை வரை அவ்வளவுதான். ரெண்டாம் பாதி தொடங்கியதும் ஆர்மி கேப்டன் லீலேண்ட் டெவோர், தன்னைத் திணறடித்துக்கொண்டிருந்த ஜோ கையன் மேல் பாய்ந்து தாக்கினார். நடுவர் வெளியே அனுப்பிவிட்டார். குத்தக் கூடாது என்ற கண்டிஷனோடு ஆட வந்தது யாரு, குத்தி வெளியே போனது யாரு?

ஐசன்ஹோவரும் சார்லஸ் பெனடிக்ட் என்ற வீரரும் தோர்ப்பை ரெண்டு பக்கமும் சேர்ந்து இடித்து ஆட்டத்தை விட்டே வெளியேற்றத் திட்டம் போட்டார்கள். கதை எப்படிச் சொல்லப்படுதுன்னா, தோர்ப் சடாரென்று நின்றுவிட, இவங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் மோதிக்கொண்டு, ரெண்டு பேரும் வெளியே போனார்கள். ஐசன்ஹோவருக்கு அடுத்த வாரமே இன்னொரு மேட்சில் முழங்கால் போய், அத்தோடு ஃபுட்பால் கனவு முடிந்தது.

முடிவு 27-6, கார்லைல். இந்த மேட்சைப் பற்றி இணையத்தில் தேடினால், தோர்ப் 92 யார்டு ஓடி டச்டவுன் போட்டதாகவும், அது செல்லாது என்றதும் அடுத்த பந்திலேயே 97 யார்டு ஓடி மறுபடி போட்டதாகவும் படிப்பீங்க. சினிமா மாதிரி இருக்கும். ஆனால் அன்றைய ஸ்கோர் கணக்கில் இருக்கிற நாலு டச்டவுனில் ஒண்ணு பெர்கியுடையது, மூணு ஆர்காசாவுடையது. தோர்ப் அற்புதமாக ஆடினார், வழி திறந்தார், அவரைச் சுற்றிக் கூட்டம் போனதால்தான் ஆர்காசாவுக்கு இடம் கிடைத்தது. ஆனாலும் வெஸ்ட் பாயின்ட்டில் மூணு டச்டவுன் போட்ட மனுஷன் பெயரை நீங்க இன்னைக்குத்தான் முதல்தடவை கேக்கறீங்க, இல்லையா?

அடுத்த வாரம் களைப்போ, மெத்தனமோ, பென்சில்வேனியாவிடம் 34-26 என்று தோற்றார்கள். சீசனின் ஒரே தோல்வி. நவம்பர் 28, நன்றி தெரிவிக்கும் நாளில், பிரவுன் பல்கலைக்கழகத்தை 32-0 என்று ஜெயித்து முடித்தார்கள். 14 ஆட்டம், 12 வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி.

சீசன் முடிந்து ரெண்டு மாசம்கூட ஆகலை. 1913 ஜனவரியில், மாசச்சூசெட்ஸில் ஒரு பத்திரிகை செய்தி போட்டது: தோர்ப் 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவில் காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியிருக்கிறார். ஒலிம்பிக்ஸ் அப்போது 'அமெச்சூர்'களுக்கு மட்டும். வாங்கியது சொற்பக் காசு. அந்தக் காலத்தில் காலேஜ் பையன்கள் பலர் இப்படி ஆடுவார்கள், ஆனால் பொய்ப் பெயரில். தோர்ப் சொந்தப் பெயரிலேயே ஆடிவிட்டார். வேறு பெயரில் காசுக்கு பேஸ்பால் ஆடியவர்கள் பட்டியலில் ஐசன்ஹோவரும் உண்டு என்று பின்னாளில் செய்தி வந்தது!

மெடல்களைப் பிடுங்கினார்கள். எனக்குத் தெரியவே தெரியாது என்றார் வார்னர். நம்புவது கஷ்டம், ஏன்னா தோர்ப் அந்த ரெண்டு வருஷம் எங்கே போனார் என்று கோச்சுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. தோர்ப் கையெழுத்தோடு ஒரு மன்னிப்புக் கடிதம் போனது, நான் விவரம் தெரியாத ஒரு இந்தியப் பள்ளிப் பையன் என்கிற தொனியில். அதை எழுத வைத்ததே வார்னர்தான் என்பது வரலாற்றாய்வாளர்கள் பலருடைய கருத்து. தோர்ப்புக்கு அப்போது வயசு 25. பள்ளியின் பெயர் தப்பித்தது, வார்னரின் பெயர் தப்பித்தது.

பொதுவா இந்தக் கதையை இங்கேயே நிறுத்திடுவாங்க. எனக்கு இதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். கஸ் வெல்ச் சும்மா இருக்கவில்லை.

ஃபுட்பால் டிக்கெட் வருமானம் அரசாங்கக் கணக்கில் வராத தனி நிதியாக இருந்தது. வீரர்களுக்குத் தனி விடுதி, தனிச் சாப்பாடு, நல்ல கோட். மத்த பிள்ளைகளுக்கு அரைவயிறு. இந்த ரெண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர் வெல்ச், அதுவும் வசதி கிடைத்த பக்கத்தில் இருந்து. அவரும் மற்ற மாணவர்களும் சேர்ந்து மனு எழுதி, 200க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி வாஷிங்டனுக்குக் கொண்டுபோனார்கள். 1914 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு கார்லைலுக்கே வந்து உட்கார்ந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சாட்சி சொன்னார்கள். மோசமான சாப்பாடு. ஒரு மாணவியைக் கட்டையால் அடித்தது. வார்னர் வீரர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டியது, கைநீட்டியது. நிதி யார் யாருக்கெல்லாம் போனது என்ற கணக்கு.

வெல்ச்சும் சாட்சி சொன்னார். வார்னர் நல்ல கோச், ஆனால் கொள்கை இல்லாத மனுஷன் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். தன்னை நாடறிந்த வீரராக்கிய கோச்சைப் பற்றி, பதிவேட்டில் ஏறும்படி, ஒரு மாணவர் இதைச் சொன்னார்.

தலைமை நிர்வாகி மோசஸ் ஃப்ரீட்மன் வேலை போனது. வார்னருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார், அங்கே சாம்பியன் அணிகளை உருவாக்கினார். இன்றைக்கும் அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகள் ஃபுட்பால் லீகுக்கு அவர் பெயர்தான். ஜோ கையனும் தோர்ப்பும் புரொஃபஷனல் ஃபுட்பாலில் ஜொலித்தார்கள். 1920இல் இன்றைய என்எஃப்எல்லின் ஆரம்ப வடிவம் உருவானபோது அதன் முதல் தலைவர் தோர்ப். 1953இல் இறந்தபோது கையில் காசில்லை. ஒலிம்பிக் பட்டங்களைத் தனி வெற்றியாளராக முழுசாகத் திருப்பிக் கொடுத்தது 2022இல்.

கார்லைல் 1918இல் மூடப்பட்டது. முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு மருத்துவமனை வேண்டும் என்று ராணுவம் கட்டடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இப்போது அங்கே இருப்பது ராணுவப் போர்க் கல்லூரி. தோர்ப் ஓடிப் பழகிய மைதானம் இன்னும் இருக்கு, பெயர் இந்தியன் ஃபீல்டு.

அதே வளாகத்தில் ஒரு கல்லறைத் தோட்டமும் இருக்கு. காசநோயிலும் மற்ற நோய்களிலும் இறந்த பிள்ளைகளுடைய கல்லறைகள், முன்பு 180க்கும் மேல் இருந்தன. பல கற்களில் பெயர் தப்பாக இருக்கு, சிலதில் பெயரே இல்லை. 2017இலிருந்து, குடும்பத்தினர் கேட்டு எழுதினால், ராணுவம் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து சொந்த ஊருக்கு அனுப்புகிறது. முதல் வருஷம் திரும்பிப் போனவர்கள் வயோமிங்கின் வடக்கு அராபஹோ பிள்ளைகள். 1880களில் ரயில் ஏறி வந்தவர்கள். இன்னும் பலர் அங்கேயேதான் இருக்காங்க.